ஹெட்ச் ஹெட்ச்சி: ஒரு நகரத்துக்கு நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்த மலை நிலம்

1913 டிசம்பர் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்கு ஒரு பெரிய மலைப்பகுதியைத் திறந்துவிட்டது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கு, அதற்கு வடமேற்கே எலினோர் ஏரி, பூங்காவுக்கு வெளியே ஸ்டானிஸ்லாஸ் தேசியக் காட்டில் இருக்கும் செர்ரி பள்ளத்தாக்கு ஆகிய மூன்று இடங்களில் நீர் தேக்கலாம். அங்கிருந்து காட்டின் ஊடே குழாய், சுரங்கம், மின்கம்பி, இருப்புப்பாதை எல்லாம் கொண்டுவரலாம். மசோதாவைக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் கீழவை உறுப்பினர் ஜான் ரேக்கர். அதனால் ரேக்கர் சட்டம் என்றே பெயர் நிலைத்தது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சட்டம் நிறைவேறிய நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அணையை எதிர்த்த இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் தோற்றார், நகரம் வென்றது, இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் அந்தத் தோல்வியிலிருந்து வளர்ந்தது என்று கதை முடிகிறது. எனக்கு அதற்குப் பிந்தைய நூறு ஆண்டுகள்தான் சுவையானவை. பொது நிலத்தை ஒரு நகரத்துக்குக் கொடுக்கும்போது நாடாளுமன்றம் நிபந்தனைகளை அடுக்குகிறது. அவற்றில் சில கல்லில் வெட்டியதுபோல் நிற்கின்றன, சில பன்னிரண்டு ஆண்டுக்குள்ளேயே ஓட்டையாகிவிடுகின்றன. எல்லாம் ஒரே சட்டத்தில், ஒரே மொழியில், ஒரே நாளில் எழுதப்பட்டவை. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

ஆணை போதாமல் போன கதை

சான் பிரான்சிஸ்கோவுக்கு அன்று தண்ணீர் விற்றது ஸ்பிரிங் வேலி என்ற தனியார் நிறுவனம். அதன் விலையும் அரசியல் செல்வாக்கும் ஊருக்குப் பிடிக்கவில்லை. மேயர் ஜேம்ஸ் ஃபீலன் 1901இல், ஹெட்ச் ஹெட்ச்சி வழியே ஓடும் டுவாலமி ஆற்றின் மேல்பகுதியில் தேக்க உரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த ஆண்டுதான் பூங்காக்களிலும் காடுகளிலும் நீர்க்குழாய்க்கு வழியுரிமை வழங்கும் அதிகாரத்தை உள்துறைச் செயலருக்குத் தந்த சட்டம் வந்திருந்தது. (அமெரிக்காவில் உள்துறையின் வேலை பொது நிலம், பூங்கா, கனிமம் ஆகியவை; காவல்துறை அல்ல.) செயலர் ஹிட்ச்காக் 1903இல் மறுத்துவிட்டார். தேசியப் பூங்கா என்று ஒதுக்கிய நிலத்தில் அணை கட்ட அனுமதிப்பது தன் கடமைக்கு எதிரானது என்பது அவர் நிலை.

1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் ஊரை அழித்தன. தீயணைக்கத் தண்ணீர் இல்லாமல் போனது இந்தத் திட்டத்துக்குப் பெரிய ஆதரவைச் சேர்த்தது. உண்மையில் அன்று நடந்தது வேறு. ஊருக்குள்ளும் ஊரையொட்டியும் குழாய்கள் உடைந்துதான் தண்ணீர் வராமல் போனது. தொலைதூர மலையில் அணை இருந்திருந்தாலும் அதே குழாய்கள்தான் உடைந்திருக்கும். ஆனால் சாம்பல்மேட்டில் நிற்கும் மக்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது.

1908இல் செயலர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் அனுமதி கொடுத்தார். முதலில் எலினோர் ஏரி, அது போதாவிட்டால் மட்டுமே ஹெட்ச் ஹெட்ச்சி என்று நிபந்தனை. 1910 ஜனவரியில் நகர வாக்காளர்கள் 4.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குப் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். அடுத்த மாதமே புதிய செயலர் பாலிஞ்சர், ‘அனுமதியிலிருந்து ஹெட்ச் ஹெட்ச்சியை ஏன் நீக்கக் கூடாது என்று காரணம் காட்டு’ என நகரத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

சட்டம் வேண்டும் என்ற தேவை இங்கேதான் பிறக்கிறது. ஒரு செயலர் கொடுத்ததை அடுத்த செயலர் பிடுங்கலாம் என்றால், அந்த அனுமதியை நம்பி அரை நூற்றாண்டுக் கடனை யார் தருவார்? கடன்பத்திரம் வாங்குகிறவருக்கு மலையின் அழகோ மியூரின் கட்டுரைகளோ பொருட்டல்ல. உரிமை உறுதியானதா என்பதே பொருட்டு. 1913 மார்ச்சில் பதவி விலகும் தறுவாயில் இருந்த செயலர் ஃபிஷரும், இவ்வளவு பெரிய காரியத்தை நாடாளுமன்றமே தீர்மானிக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ஃபிராங்க்ளின் லேன், முன்பு சான் பிரான்சிஸ்கோவின் நகர வழக்கறிஞராக இருந்தவர். நகரத்துக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

வாக்கெடுப்பு

விவாதத்தை விரித்துச் சொல்லப் போவதில்லை. இரண்டு செய்திகள் போதும். ராணுவப் பொறியாளர் குழு 1913இல் கொடுத்த அறிக்கை, ஊருக்கு வேறு நீர் ஆதாரங்களும் உண்டு, ஆனால் ஹெட்ச் ஹெட்ச்சி மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 கோடி டாலர் மலிவு என்றது. ஆக, இது உயிர்த் தேவை அல்ல, செலவுக் கணக்கு. இரண்டாவது, அணிகள் பிரிந்த விதம். மசோதாவை ஆதரித்துச் சாட்சி சொன்னார் வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்ட் பின்சோ. மியூரின் பெயரில் ஒரு செம்மரக் காட்டையே அரசுக்குத் தானமாகக் கொடுத்த வில்லியம் கென்ட் கீழவையில் மசோதாவின் பக்கம் நின்றார். மியூர் தலைவராக இருந்த சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான வாரன் ஓல்னியும் அணையை ஆதரித்தார். நல்லவர்–கெட்டவர் என்று பிரித்துப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் வசதிப்படாது.

செப்டம்பர் 3 அன்று கீழவையில் 183க்கு 43. டிசம்பர் 6 நள்ளிரவுக்குச் சற்று முன் செனட்டில் 43க்கு 25. கீழவையில் ஏறத்தாழ பாதிப் பேரும் செனட்டில் கால்வாசிக்கு மேலும் வாக்களிக்கவே இல்லை. நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் ஆதரித்ததற்குக் காரணம் தண்ணீர்கூட அல்ல, மின்சாரம். தனியார் கம்பெனியின் கைபடாத பொது மின்சாரம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் சட்டத்தின் ஆறாம் பிரிவு.

கொடுத்தது என்ன

நிலத்தை முழு உடைமையாக எழுதிக் கொடுக்கவில்லை. குழாய், சுரங்கம் போன்றவற்றுக்கு 250 அடி அகலத்துக்கு மேற்படாத வழியுரிமை. நீர்த்தேக்கங்களுக்கு எவ்வளவு நிலம் உண்மையில் தேவை என்று உள்துறைச் செயலர் தீர்மானிக்கிறாரோ அவ்வளவு நிலத்தின் பயன்பாடு. பள்ளத்தாக்கின் தரையில் ஒரு பகுதி ஏற்கெனவே தனியார் பட்டா நிலம். அதை நகரம் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது. மிவோக், பையூட் பழங்குடியினர் தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்குக்கு விதையும் கருவாலிக் கொட்டையும் சேகரிக்க வந்துபோனவர்கள். உரிமை கைமாறியது கூட்டாட்சி அரசுக்கும் நகரத்துக்கும் இடையேதான்.

காட்டு மரத்துக்கும் விதி இருந்தது. கட்டுமானத்துக்கு அவசியமானதைத் தவிர பூங்காவிலோ ஸ்டானிஸ்லாஸ் காட்டிலோ மரம் வெட்டக் கூடாது. வெட்டினால் முழு விலையையும் அரசுக்குக் கட்ட வேண்டும். தேக்கத்தின் நீரிலும், அதற்கு மேலே ஒரு மைல் வரை ஓடும் நீரிலும் யாரும் குளிக்கவோ துணி துவைக்கவோ கூடாது. 300 அடிக்குள் மலம், குப்பை போடக் கூடாது. இந்தச் சுகாதார விதிகள் அன்றைக்குச் சில்லறையாகத் தெரிந்திருக்கும். ஆனால் இன்று அந்த நீர் வடிகட்டும் ஆலை இல்லாமலே, கிருமிநீக்கம் மட்டும் செய்யப்பட்டு ஊருக்குப் போகிறது என்றால், அதற்குக் காரணங்களில் ஒன்று இந்தப் பிரிவு. இதைக் காக்க நகரத்துக்கே நலன் இருந்தது: காட்டைச் சுத்தமாக வைத்தால் வடிகட்டும் செலவு மிச்சம். ஹெட்ச் ஹெட்ச்சி ஏரியில் இன்றும் படகும் கிடையாது, நீச்சலும் கிடையாது. ஜான் ஃப்ரீமன் என்ற பொறியாளர் 1912இல் நகரத்துக்காகத் தயாரித்த படங்கள் நிறைந்த அறிக்கை, ஏரியோரம் உல்லாசச் சாலை போட்டுச் சுற்றுலாவாசிகள் வந்து ரசிப்பதாகக் காட்டியது. அந்தச் சாலையில் ஓட்டிப் போகும் பாக்கியம் யாருக்கும் கிடைக்கவில்லை.

பாசனக்காரர்கள் எழுதி வாங்கியது

டுவாலமி ஆறு மலையிலிருந்து இறங்கிச் சேரும் சமவெளியில் டர்லாக், மொடெஸ்டோ என்ற இரண்டு பாசன மாவட்டங்கள். 1887இல் கலிபோர்னியாவில் வந்த சட்டத்தின்படி விவசாயிகளே வரி போட்டு நடத்திய அமைப்புகள் அவை. 1893இலேயே லா கிரான்ஜ் அணை கட்டியிருந்தன. நகரம் மேலே தண்ணீரைப் பிடித்தால் கீழே தங்கள் கால்வாய் வற்றும் என்று முதலில் எதிர்த்தார்கள். அப்புறம் வாஷிங்டனில் உட்கார்ந்து பேரம் பேசி ஒரு கணக்கை மசோதாவுக்குள்ளேயே எழுதி வாங்கினார்கள்.

கணக்கு எளிமையானது. ஆற்றில் இயல்பாக வரும் நீரில் வினாடிக்கு 2,350 கன அடி வரை மாவட்டங்களுக்கு முன்னுரிமை. பனி உருகும் காலமான ஏப்ரல் 15 தொடங்கி 60 நாளுக்கு மட்டும் அது 4,000 கன அடி. அதற்கு மேல் வருவதைத்தான் நகரம் தேக்கலாம்.

இதை யாரும் மீறிப் பார்க்கவில்லை. வினாடிக்கு எத்தனை கன அடி என்பது அளக்கக்கூடிய எண். லா கிரான்ஜில் நின்று ஆற்றை அளக்கிறவர்கள் மாவட்டத்தின் ஆட்கள். ஒரு நாள் குறைந்தால் மறுநாள் விவசாயி அலுவலகத்துக்கு வந்து நிற்பார். புகார் கொடுக்க அவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, வழக்காட வரிப்பணமும் உண்டு. இந்த இறுக்கமே பிறகு இரண்டு தரப்பையும் பங்காளிகள் ஆக்கியது. 1966இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, கீழே புதிய டான் பெட்ரோ அணையைக் கட்ட நகரமும் பணம் போட்டது. 1971இல் அணை முடிந்தது. அதற்கு ஈடாக நகரத்துக்கு ஒரு நீர்க் கணக்கு திறக்கப்பட்டது. மாவட்டங்களுக்குச் சேர வேண்டிய நீரை நகரம் முன்கூட்டியே கீழே விட்டுவைத்தால் அது வரவு. பிறகு மலையில் அதே அளவைப் பிடித்து வைத்துக்கொள்வது செலவு. வரவு 5,70,000 ஏக்கர் அடி வரை ஏறலாம், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 25 டி.எம்.சி. ஹெட்ச் ஹெட்ச்சி ஏரியே மொத்தம் 3,60,000 ஏக்கர் அடிதான். ஆக, நகரத்தின் வறட்சிக்காலச் சேமிப்பில் ஒரு பெரிய பங்கு இன்று அணையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1913இல் எழுதிய எண்கள் தெளிவாக இல்லாவிட்டால் இப்படி ஒரு ஏற்பாடு சாத்தியமே இல்லை.

ஆறாம் பிரிவு

இனி ஓட்டையான நிபந்தனைக்கு வருவோம். நகரம் தனக்குக் கிடைக்கும் தண்ணீரையோ மின்சாரத்தையோ மறுவிற்பனை செய்யும் உரிமையை எந்தத் தனியாருக்கும் எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது. நகராட்சி, பாசன மாவட்டம் போன்ற பொது அமைப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு. மீறினால் கொடுத்த உரிமை முழுவதும் கூட்டாட்சி அரசுக்கே திரும்பிவிடும். வாசிக்க இதைவிடக் கடுமையான பிரிவு சட்டத்தில் கிடையாது.

நடந்தது இது. 1917இல் 68 மைல் இருப்புப்பாதை போட்டு, தலைமைப் பொறியாளர் மைக்கேல் ஓஷாக்னசியின் கீழ் 1923இல் அணையை முடித்தார்கள். 1925இல் மலையடிவாரத்தில் மொக்கசின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து நகரம் தன் சொந்த மின்பாதையை விரிகுடாவின் கிழக்குக்கரையில் நூவர்க் என்ற ஊர் வரை கொண்டுவந்தது. அங்கே பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள். வாங்கி வைத்த செம்புக் கம்பி கிடங்கில் கிடந்தது. நூவர்க்கில் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற தனியார் கம்பெனியின் துணைமின்நிலையம் இருந்தது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கம்பெனியின் சொந்தப் பாதையும் இருந்தது. 1925 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார்கள்: நகரம் மொத்தமாக மின்சாரத்தைக் கம்பெனியிடம் கொடுக்கும், கம்பெனி அதைத் தன் விலையில் ஊர்க்காரர்களுக்கு விற்கும். இது விற்பனை அல்ல, கம்பெனி எங்கள் முகவர் என்று நகரம் விளக்கம் சொன்னது.

ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மின்பகிர்வு வலையை வாங்கவோ கட்டவோ கடன்பத்திரம் போடலாமா என்று 1927இலிருந்து 1941 வரை திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு. ஒவ்வொரு முறையும் தோல்வி. அதே காலத்தில் அதே வாக்காளர்கள், ஸ்பிரிங் வேலி தண்ணீர்க் கம்பெனியை ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு 1930இல் நகரம் வாங்கச் சம்மதித்தவர்கள். தண்ணீருக்கு ஒப்புக்கொண்டவர்கள் மின்சாரத்துக்கு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? கம்பெனி எதிர்ப்பிரசாரத்துக்குச் செலவழித்தது ஒரு காரணம். என் கணிப்பில் பெரிய காரணம் வேறு: விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நிபந்தனை மீறப்படுவதால் யாருடைய வீட்டிலும் ஒரு நாள்கூட இருட்டாகவில்லை. நஷ்டம் எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பரவியிருந்தது. லா கிரான்ஜில் நிற்கும் ஆள் மாதிரி இங்கே அளந்து பார்க்க ஒருவரும் இல்லை.

பத்தாண்டு கழித்து ஒருவர் வந்தார். ரூஸ்வெல்ட்டின் உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கிஸ் 1935இல் இந்த ஒப்பந்தம் சட்டமீறல் என்று தீர்ப்பளித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், முகவர் என்ற வாதம் நிற்கவில்லை. பொது நிலத்தை எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதில் நாடாளுமன்றத்தின் அதிகாரம் எல்லையற்றது. நிபந்தனையை ஏற்று நிலத்தை வாங்கிய நகரம் இப்போது அது செல்லாது என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். கூட்டாட்சி நிலத்தைப் பெறும் எந்த நகரத்துக்கும் இன்றும் இந்த வழக்குதான் முதல் பாடம்.

ஆனால் கவனியுங்கள், அரசு கேட்டது தடையாணை. உரிமை அரசுக்குத் திரும்பட்டும் என்று கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. 1934 அக்டோபரிலிருந்து (ஓஷாக்னசி இறந்து சில நாளில்) 160 மைலுக்கு மேல் நீளும் குழாயிலும் சுரங்கத்திலும் மலை நீர் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நீரை ஒரு மின் ஒப்பந்தத்துக்காக எந்த அமைச்சர் நிறுத்துவார்? இவ்வளவு பெரிய தண்டனையை எழுதியதாலேயே அது பயன்படாத தண்டனை ஆனது. ஆண்டுக்கு இத்தனை டாலர் அபராதம் என்று எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

தீர்ப்புக்குப் பின்னும் கெடு மேல் கெடு நீட்டிக்கப்பட்டது. போர்க்காலத்தில் ரிவர்பேங்க் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் போனது. அது மூடியதும் மறுபடி அதே சிக்கல். 1945இல் ஓர் ஏற்பாடு உருவானது: நகரத்தின் மின்சாரத்தைக் கம்பெனியின் கம்பி கூலிக்குச் சுமந்துவரும், அது டிராம், விமான நிலையம், மருத்துவமனை, நகரமன்றம் போன்ற நகராட்சியின் சொந்தத் தேவைகளுக்குப் போகும், மிச்சத்தை டர்லாக்கும் மொடெஸ்டோவும் வாங்கும். சட்டத்தின் எழுத்துக்கு இது பொருந்தியது. நோரிஸ் நினைத்த பொது மின்சாரம், வீட்டு வாசல் வரை வரவில்லை. 2019இல் கம்பெனி திவால் மனு போட்டிருந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கும் கம்பிகளை 250 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று நகரம் கேட்டது, கம்பெனி மறுத்துவிட்டது.

வாடகை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழாம் பிரிவின்படி நகரம் கட்ட வேண்டியது முதல் பத்தாண்டு ஆண்டுக்கு 15,000 டாலர், அடுத்த பத்தாண்டு 20,000, அதன்பின் 30,000. பின்னர் கூட்டவோ குறைக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விலைவாசியோடு தானாக ஏறும் என்று எழுதவில்லை. எனவே இன்றும் 30,000தான். 2000க்குப் பிறகு உயர்த்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நகரத்துக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கவென்று தனி ஒப்பந்தத்தில் பூங்காத் துறைக்குப் பல மில்லியன் டாலர் கொடுக்கிறது. ஆனால் அது ஒப்பந்தம், வாடகை அல்ல.

திருப்பிக் கேட்டவர்கள்

ரேக்கர் சட்டத்தின் அதிர்ச்சி பூங்காக்களுக்கு ஒரு கவசமாக மாறியது உண்மைதான். 1916இல் தேசியப் பூங்காத் துறை உருவானது. 1921இல் அன்றிருந்த தேசியப் பூங்காக்களுக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மின்திட்ட உரிமம் வழங்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. ஹெட்ச் ஹெட்ச்சிக்கு அதனால் பயனில்லை. 1938இல் அணை மேலும் 85 அடி உயர்ந்தது. காட்டுப் பக்கத்தில் செர்ரி பள்ளத்தாக்கின் தேக்கம் 1956இல் முடிந்தது. 2013 கோடையில் ரிம் காட்டுத்தீ ஸ்டானிஸ்லாஸ் காட்டிலும் பூங்காவிலுமாக 2,57,000 ஏக்கரை எரித்து ஏரி ஓரம் வரை வந்தபோது, 160 மைல் தள்ளி இருக்கும் நகரத்துக்காக ஆளுநர் நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டிவந்தது.

1987இல் ரீகனின் உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல், அணையை அகற்றிப் பள்ளத்தாக்கை மீட்கலாம் என்று யோசனை சொன்னார். மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் கொதித்தார். 2012இல் அணை இல்லாமல் ஊரை நடத்த முடியுமா என்று 80 லட்சம் டாலரில் ஆராய நகர வாக்காளர்களிடம் கேட்டபோது 77 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆராயக்கூட வேண்டாம் என்பது சற்று மிகைதான், ஆனால் குடிநீர் விஷயத்தில் மக்கள் அப்படித்தான் வாக்களிப்பார்கள்.

பிறகு, பள்ளத்தாக்கை மீட்கக் கோரும் அமைப்பு நீதிமன்றம் போனது. நீரைத் திருப்பும் முறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா அரசியல் சட்டம் சொல்கிறது. வேறு இடத்தில் தேக்க வழியிருக்க, பூங்காப் பள்ளத்தாக்கை மூழ்கடித்து வைத்திருப்பது நியாயமான முறை அல்ல என்பது வாதம். ரேக்கர் சட்டத்திலேயே மாநில நீர்ச் சட்டங்களுக்குக் குறுக்கே வரவில்லை என்று ஒரு பிரிவு உண்டு என்பதையும் சுட்டினார்கள். 2018இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த இடத்தில், அந்தப் பள்ளத்தாக்கில்தான் தேக்கம் என்று கூட்டாட்சி நாடாளுமன்றம் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறது. மாநிலச் சட்டத்தை வைத்து அதை அகற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. அதே ஆண்டு கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது. அணையை எடுக்க வேண்டும் என்று எவருக்காவது தோன்றினால், கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் புதிய மசோதா ஒன்று வர வேண்டும், அல்லது நகரமே மனம் மாற வேண்டும்.